வேன் ஸ்பீக்கரில் வந்த வேண்டுதல்

என் மடிக்கணினியின் கேமராவை ஒரு ஸ்டிக்கர் பொட்டால் மூடி வைத்திருக்கிறேன். நடுத்தர அளவு, மெரூன் நிறம். யாரோ எங்கிருந்தோ அதன் வழியாக நம்மைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் படித்தேன், அன்றே ஒட்டிவிட்டேன். பசை போனால் புதுப் பொட்டு மாற்றுவேன். (என் நெற்றிப் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.) பாஸ்வேர்டை மாதம் ஒரு முறை மாற்றி, மாற்றியதை அடுத்த வாரமே மறந்துவிடுவேன். டார்ச் லைட் செயலி என் தொடர்பு எண்களைக் கேட்டால், உனக்கு எதற்கு என்று வாய்விட்டே திட்டுவேன். இப்படி உலகத்தின் பெரிய கம்பெனிகளிடமிருந்தெல்லாம் என் ரகசியங்களைக் காப்பாற்றிய நான், ஒரு கிருத்திகை நாளில், திருத்தணி மலைப்பாதையில், பதினோரு பேர் இருந்த வேனுக்குள் மொத்தமாகப் பறிகொடுத்தேன்.

அதற்கு விதை போட்டது நானேதான். மகள் யாழினி பிறந்த வாரத்தில் அவள் பெயரில் ஒரு மெயில் ஐடி உருவாக்கினேன். அவளுக்குக் கடிதங்கள் எழுதி அதற்கு அனுப்புவது, பதினெட்டாவது பிறந்த நாளில் பாஸ்வேர்டைக் கையில் கொடுப்பது என்று திட்டம். பதினெட்டு வருடத்தில் நான் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், அந்த ஒரு ஐடிக்கு மட்டும் அவள் பெயரையும் பிறந்த தேதியையுமே பாஸ்வேர்டாக வைத்தேன். எங்கள் தெருவில் பால் ஊற்றுபவரால்கூட ஊகித்திருக்க முடியும்.

இன்னொன்றும் செய்தேன். கணவர் தணிகைவேல் எங்கள் ஊரான திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர். என் தம்பி பிரபு சென்னையிலேயே இருக்கிறான், அந்த நெரிசலில் பைக் ஓட்டுகிறான். இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது வரைபடத்தில் எந்நேரமும் எனக்குத் தெரியும்படி அவர்கள் போன்களில் ஏற்பாடு செய்துகொண்டேன். குழந்தையின் ஐடிக்கும் அது தெரியும்படி வைத்தேன். (என் போனில் சார்ஜ் தீர்ந்து போனால்? எனக்கு எப்போதும் இப்படித்தான் தோன்றும்.)

அடுத்து என் மாமனார். மாமியார் என் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா முப்பது வருடம் திருத்தணி–சென்னை தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்பக்கமாக வாரிய அடர்ந்த வெள்ளை முடி, சட்டைப் பையில் ஒரு சீப்பு. காக்கிச் சட்டை போன பிறகும் அந்தச் சீப்பு போகவில்லை. பேச்சு குறைவு. பேசினால் அது டிராஃபிக்கைப் பற்றி இருக்கும். "டிராஃபிக்னு ஒண்ணும் கெடையாது. ஓட்டத் தெரியாதவன் நாலு பேரு ஒரே எடத்துல சேந்துகினா அதுக்குப் பேரு டிராஃபிக்" என்பது அவர் முடிவு. தாமதமாக வந்ததற்கு டிராஃபிக்கைக் காரணம் சொன்னவர்களை அவர் மன்னித்ததே இல்லை.

யாழினிக்கு நான்கு மாதம் இருக்கும்போது மாமா முதல் முறையாக ஸ்மார்ட்போன் வாங்கினார். கடைக்காரர் மெயில் ஐடி கேட்டிருக்கிறார். மாமாவுக்கு ஏது? மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். என் கணவர் ரயில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, "பாப்பா பேர்ல ஒண்ணு இருக்குது நைனா, அதயே போடச் சொல்லு" என்று சொல்லி, பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின், கண்புரை அறுவை செய்துகொண்ட அப்பாவுக்காக, எழுத்தைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் வசதியையும் போட்டுக் கொடுத்தார். மாமா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு செய்தித்தாள் கேட்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிய வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் மகளுக்கு எதை எழுதினாலும் அது நடந்தது.

"தாத்தா உன்னைத் தூக்கும்போது பீடி வாசனை வருகிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்று ஒரு மதியம் எழுதினேன். அடுத்த வாரம் மாமா பீடியை நிறுத்திவிட்டார். டாக்டர் சொன்னாராம். டிவி விவாதத்தின் சத்தத்தில் நீ திடுக்கிடுகிறாய் என்று எழுதினேன், சத்தம் குறைந்தது. மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தையைப் பார்த்ததும் வாயாலேயே பஸ் ஹாரன் அடிப்பார். பழைய ரப்பர் ஹாரன், அசல் சத்தம்: "பாம்... பாம்ம்!" தூங்கும் குழந்தை பதறும். அதையும் எழுதினேன். ஹாரன் நின்றது.

நான் படித்தவள்தான். என்றாலும் மூன்று முறை நடந்தால் என்ன நினைப்பது? முருகன் என் மெயிலைப் படிக்கிறான் என்று நம்பினேன். நன்றி சொல்ல மலைக்கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மாமா துணைக்கு வந்தார். பையைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க, ஒரு வார்த்தை பேசாமல்.

பதினோராம் மாதத்தில் மொட்டை போட வேண்டும் என்று பேச்சு வந்தது. தவறினால் மூன்றாம் வயதில்தான். எனக்கு அந்த மூன்றாம் வயது வேண்டும். குழந்தையின் உச்சிக்குழி இன்னும் முழுதாக மூடவில்லை. அது பற்றி ஒரே ஒரு வீடியோ பார்த்தேன். அதன்பின் போன் எனக்கு வேறு எதையுமே காட்டவில்லை. கத்தி, கீறல், காய்ச்சல், அழும் குழந்தை. என் பயத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது அது. கணவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். மாமாவின் தங்கை, பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் காமாட்சி அத்தையிடம் சொன்னேன். "எங்க வூட்ல பதினாறு புள்ளைங்களுக்குப் போட்டுகினோம்மா. எந்த மண்டை ஒடஞ்சுது?" என்று சிரித்தார். முதலில் அந்தப் பதினாறு மண்டைகளையும் நினைத்துத் தைரியம் கொள்ளப் பார்த்தேன். பிறகு அவற்றில் நான்கைந்து எப்படி வளர்ந்திருக்கின்றன என்பதை யோசித்ததில் கவலை இன்னும் கூடியது.

அதனால் ஒரு சதி செய்தேன். மொட்டை போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் வராவிட்டால்? பத்தரை மணிக்கு மேல் ராகு காலம். அதுவரை தம்பி பூந்தமல்லி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் போதும். உலகத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரே காரணம் டிராஃபிக் என்று நம்பினேன். (ஒரு பஸ் டிரைவர் வீட்டில் இருந்துகொண்டு!)

"அக்கா, பாவம் இல்லியா?" என்றான் பிரபு.

"மூணு வயசுல போட்டா அதே முடிதானேடா போகுது?" என்றேன்.

கிருத்திகையன்று காலை ஆறு மணிக்கு, மனசு கேட்காமல், எல்லாவற்றையும் மகளுக்கு எழுதி அனுப்பினேன். எட்டரைக்கு வேன் புறப்பட்டது. டிரைவர் மணிக்குப் பக்கத்தில் மாமா. பின்னால் காமாட்சி அத்தையும் அவர் வீட்டார் ஆறு பேரும், என் கணவர், மடியில் குழந்தையோடு நான். மலைப்பாதையின் முதல் வளைவிலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு டிராக்டர் நிறையக் காவடிகள், பக்கத்தில் ஷேர் ஆட்டோக்கள், எதிரே பாதி திரும்பி நின்ற ஒரு பஸ். ஒன்பதரை ஆயிற்று. எனக்கு உள்ளூர ஒரே ஆனந்தம். தம்பி பொய் சொல்வதற்கு முன்பே முருகன் நிஜ டிராஃபிக்கை அனுப்பிவிட்டானே.

"ஏம்மா, உன் தம்பி எங்க வந்துகினு இருக்கான்?" என்று அத்தை என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"பூந்தமல்லிதான் அத்தை. ஒரு வண்டி நகரல. செம டிராஃபிக்" என்றான் பிரபு. பின்னணியில் தோசைக்கல்லில் யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

நான் மாமாவைப் பார்த்தேன். குறுக்கு விசாரணை வரப்போகிறது. அவர் தன் போனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஆங். பூந்தமல்லின்னா அப்படித்தான்" என்றார்.

முப்பது வருடக் கொள்கையை அந்த மனிதர் ஏன் ஒரே வரியில் கைவிட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் முன்பக்கம் திரும்பி இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, போனில் எதையோ அழுத்தினார்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பாட்டு கேட்க அவர் போனை இதே வேனின் ஸ்பீக்கரோடு மணி இணைத்திருந்தார். போன் அதை மறக்கவில்லை. எஜமானரின் காதை விட்டுவிட்டு, வேனின் நான்கு ஸ்பீக்கர்களிலும் ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்புபோல ஆரம்பித்தது.

"அன்புள்ள யாழினி. சிவப்பு இதயம். சிவப்பு இதயம். இன்று உனக்கு மொட்டை. அது நடக்கக் கூடாது என்று அம்மா ஒரு சதி செய்திருக்கிறேன். கண்ணடிக்கும் முகம்."

முதல் இரண்டு நொடிகள், யாரோ ஒரு யாழினிக்கு யாரோ ஒரு பைத்தியக்காரி எழுதியிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"உன் பிரபு மாமா பத்தரை மணி வரை பூந்தமல்லி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வான். டிராஃபிக் இல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வான். காமாட்சி அத்தைக்குக் கோபம் வரும். அவர் கத்தினால் தறிச் சத்தமே கேட்காது என்று உன் அப்பா சொல்வார்."

"டேய்!" என்றார் அத்தை.

"நைனா, நிறுத்து, நிறுத்து!" என்று கணவர் சீட்டின் மேல் பாய்ந்தார். மாமா பதறிப்போய் அழுத்தியதில் சத்தம்தான் கூடியது.

"அப்பாவுக்கு இந்தச் சதி தெரியாது. எதைச் சொன்னாலும் பாத்துக்கலாம் என்பார். இதுவரை எதையும் பார்த்ததில்லை. உன்னைக் குளிப்பாட்டும்போது உச்சிக்குழி என் விரலுக்குக் கீழே துடிக்கிறது. அதன் மேல் கத்தி போவதை நினைத்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுகிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். நான் சரியான அம்மாதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. முருகா, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு கீறல் இல்லாமல் முடித்துக் கொடு. என் முடியையே உனக்குக் கொடுத்துவிடுகிறேன். கும்பிடும் கைகள். கும்பிடும் கைகள். கும்பிடும் கைகள். இதை யாரிடமும் சொல்லாதே. அன்புடன் அம்மா."

இறங்கி ஓடலாம் என்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கதவைத் திறக்க முடியாதபடி ஒரு ஆட்டோ. அந்த ஆட்டோவில் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு மாசமா கேட்டுகினு இருக்கேம்மா" என்றார் மாமா, திரும்பாமலே. "மொதல்ல கம்பெனி மெசேஜ்னு நெனச்சேன். அப்புறம் நிறுத்த மனசு வரல. தப்புதான்."

"அப்போ... பீடி?"

"ஆங்."

"டிவி? ஹாரன்?"

"ஆங்."

"முருகன்னு நெனச்சு அவ்ளோ படி ஏறினேனே மாமா!"

"நானும்தானேம்மா ஏறுனேன். முட்டி இன்னும் வலிக்குது."

அவமானத்திலா, ஆத்திரத்திலா, எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அண்ணனிடம், "அப்ப அந்தப் பையன் எங்கண்ணா இருக்கான்?" என்று கேட்டார். மாமா போனின் வரைபடத்தைக் காட்டினார். நான் பாதுகாப்புக்காக ஏற்பாடு செய்த அதே வரைபடம். பிரபுவின் சிரித்த முகம், எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டிபன் கடையின் மேல் ஒட்டியிருந்தது.

"எட்டு மணிலேந்து அங்கதான் இருக்கான்" என்றார் மாமா.

அத்தை மறுபடி அழைத்தார். "எங்கப்பா இருக்க?"

"நசரத்பேட்டை தாண்டிட்டேன் அத்தை."

"பொங்கலா, பூரியா?"

கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "பொங்கல் அத்தை."

"தின்னுட்டு படியேறி வா."

அதன் பிறகு வேனுக்குள் ஒரு விசாரணை நடந்தது. மொட்டையைப் பற்றியோ என் சதியைப் பற்றியோ அல்ல. என் வேண்டுதல் செல்லுமா செல்லாதா என்பதைப் பற்றி.

"மலை ஏறிகினு இருக்கறப்போ சாமி பேரச் சொல்லி வந்த வாக்கு. வாக்கு வாக்குதான்" என்றார் அத்தை, இடுப்பு வரை தொங்கும் என் பின்னலைப் பார்த்தபடி.

"அத்த, அவ மெயில்தான் எழுதினா. வாய் தொறந்து சொன்னது போனு. அப்டின்னா அது போனோட வேண்டுதல்" என்றார் என் கணவர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைப் 'பார்த்துக்கொள்ள' முயன்றார், பாவம்.

"ஸ்பீக்கர் என்னுது சார். என் தலைக்கு ஒண்ணும் வராதில்ல?" என்றார் மணி.

மாமா மட்டும் அதில் சேரவில்லை. என் பக்கம் திரும்பினார். மணி பத்தாகப் பத்து நிமிடம்.

"நீ சொல்லுமா. நான் எறங்கி அந்த பஸ்ஸ ரெண்டு அடி பின்னால எடுக்க வெச்சா, பத்து நிமிசத்துல மேல போயிடலாம். இல்லன்னா இங்கயே உக்காந்துகினு இருக்கலாம். கேட்டா டிராஃபிக்னு நானே சொல்றேன்."

டிராஃபிக் என்று தானே சொல்வதாக அவர் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மொட்டை என்ற பேச்சு வந்ததிலிருந்து என்னிடம் எல்லோரும் தேதி சொன்னார்கள், நேரம் சொன்னார்கள், பயப்படாதே என்றார்கள். போடலாமா என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டார், பத்துப் பேர் பார்க்க. எனக்குக் கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று முடிவெடுக்கவே அரை மணி நேரம் ஆகும்.

"கத்தி...?" என்று இழுத்தேன்.

மாமா சட்டைப் பையில் கை விட்டார். சீப்புக்குப் பின்னாலிருந்து பிரிக்காத பிளேடு பாக்கெட் ஒன்றும் சின்ன டெட்டால் பாட்டில் ஒன்றும் வந்தன. "போன வாரம் கத்தியப் பத்தி எழுதினியே. முடி எடுக்கற ஆளு கிட்டயும் போய்ப் பேசிட்டு வந்தேன். நிதானமான கை."

நான் குழந்தையின் தலையில் கை வைத்தேன். உச்சியில் அது துடித்தது. போடச் சொன்னால், கீறல் விழுந்தாலும் என் பாரம், விழாவிட்டாலும் என் பின்னல். எந்தப் பக்கம் யோசித்தாலும் நிம்மதி இல்லை. ஆனால் ஒரு மனிதர் என் பயத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"எறங்குங்க மாமா" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகவே இறங்கினார். துண்டைச் சுழற்றிக்கொண்டு நடுரோட்டில் நின்று, பஸ்ஸைப் பின்னால் தட்டி, ஆட்டோக்களை ஓரங்கட்டி, டிராக்டர்காரரிடம் "ஸ்டேரிங்க ஒடிப்பா, சாமி கும்புடறா மாதிரி புடிச்சிகினு இருக்க!" என்று கத்தி, எட்டு நிமிடத்தில் வழி உண்டாக்கினார். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது பிரபு எங்களுக்கு முன்பே வந்து, வயிறு முட்டப் பொங்கலோடு அத்தனை படி ஏறியதில் முகம் வெளுத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பொய் டிராஃபிக்கில் மாட்டியவன் முதலில் வந்துவிட்டான்.

முடி எடுக்கும் மண்டபத்தில் அவன் மடியில் யாழினியை உட்கார வைத்தோம். தலையில் தண்ணீர் பட்டதும் அலறினாள், திமிறினாள். பிளேடு பக்கத்தில் வர முடியவில்லை. அப்போது எனக்கே தெரியாமல் நான் கத்தினேன்: "மாமா, ஹாரன் அடிங்க!"

"பாம்... பாம்ம்!"

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாழினி அழுகையை நிறுத்திவிட்டு, தலையை அசைக்காமல், கண் சிமிட்டாமல் தாத்தாவையே பார்த்தாள். அவர் திருவள்ளூர், மணவாளநகர் என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிச் சொல்லி ஹாரன் அடித்தார். பூந்தமல்லி வருவதற்குள் மொட்டை முடிந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. நான்கு முறை விரலால் தடவிப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது அத்தை என் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தேன். அதற்குள் மாமா பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாண்ணா இது?"

"மெயில் வந்தது என் போனுக்கு. படிச்சது என் போனு. வேண்டுதலும் எங்கிட்டதான் வந்து சேந்துகிச்சு" என்று சொல்லிவிட்டு, சீப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். முப்பது வருடமாகக் காற்றில் கலையாத அந்த முடி ஐந்து நிமிடத்தில் தரையில் கிடந்தது. தாத்தாவும் பேத்தியும் சந்தனம் பூசிய தலைகளோடு நிற்கும் படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வெகு நாள் வரை மாமாவின் கை, பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பும்.

வீட்டுக்கு வந்ததும் போனை நீட்டினார். "பாப்பா ஐடிய எடுத்துடுமா. அவளுக்கு எழுதுனத நான் கேட்டிருக்கக் கூடாது." எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். என் கடிதம் என் கடிதம்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அப்படித்தான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மூன்றாவது நாளே டிவி சத்தம் ஏறிவிட்டது. இனி அதை நானே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றபோது, எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று தெரிந்தது. (சொன்னேன். இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்ச் சொன்னேன். "ஆங்" என்றார். குறைந்தது.)

பாஸ்வேர்டை மாற்றும்போது அனுப்பப்படாத மெயில்களின் இடத்தில் ஒன்று கிடந்தது. மாமா போனிடம் வாயால் சொல்ல, அது தட்டச்சு செய்திருக்கிறது. "பாப்பா நான் தாத்தா உங்கம்மா எழுதறது கேட்டுகினு இருக்கேன் பீடி உட்டாச்சு ஹாரன் மட்டும் கஷ்டமா கீது உங்கம்மா பயப்படறா பயப்படறவதான் பத்திரமா ஓட்டுவா மாமா காபி ஆறுது." கடைசி மூன்று வார்த்தைகள் என்னுடையவை. சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டிருக்கிறேன், அதையும் போன் சேர்த்துக்கொண்டது. அந்த மெயிலை நான் அழிக்கவில்லை.

யாழினிக்கு இப்போது மூன்று வயது. எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். நேற்றுக்கூட அவள் அப்பா ரயிலைத் தவறவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தார். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே போய் நின்று, "பொங்கலா, பூரியா?" என்றாள்.

ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பதினெட்டு வயதில் தெரிந்துகொள்வாள். எழுதி அனுப்பிவிட்டேன்.